கேட்டவருக்கு எழுதுங்கள்: சிறு பதிப்பக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பக நண்பர்களுக்கு,

ஓர் அறை, ஒரு கணினி, இரண்டு மூன்று பேர் என்ற அளவில் இருந்துகொண்டு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நூல்களைக் கொண்டுவரும் உங்களுக்குத்தான் இந்த மடல். பதிப்பகங்களின் மின்னஞ்சல் வேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். நீங்கள் வெளியிடுவதை விலை கொடுத்து வாங்கிப் படிப்பது அதற்கும் முன்பிருந்தே உள்ள பழக்கம். இரண்டு பக்கமும் நிற்பதால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய நாவலை நீங்கள் மூன்று முறை மெய்ப்புப் பார்க்கிறீர்கள். அட்டைக்கு ஓவியரைத் தேடி அலைகிறீர்கள். எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் என்பதற்குக்கூட நாள்கணக்கில் யோசிக்கிறீர்கள். அந்த நூல் வந்துவிட்டது என்று வாசகருக்குச் சொல்லும் மின்னஞ்சலை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில், போஸ்டர் ஒன்றை இணைத்து, கையில் இருக்கிற முகவரிக்கெல்லாம் தட்டிவிடுகிறீர்கள்.

இப்போதெல்லாம் யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். உள்ளூர் வாசகருக்கு ஒருவேளை போதும். ஆனால் உங்கள் முழுப் பட்டியலையும் வாங்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் டொராண்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அலுவலகம், வங்கி, பிள்ளையின் பள்ளி என்று அவர்களுடைய நாள் முழுக்க மின்னஞ்சலில்தான் நடக்கிறது. ஃபேஸ்புக் பதிவு சில மணி நேரத்தில் கீழே போய்விடும். அது யாருக்குத் தெரியும் என்பதையும் அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் காத்திருக்கும். சனிக்கிழமை காலையில் நிதானமாகத் திறந்து படிப்பார்கள். நீங்கள் நாளைக்கே அனுப்பும் சேவையை மாற்றினாலும் வாசகர் பட்டியல் உங்களோடு வரும். சிறு பதிப்பகத்துக்கு இதைவிடப் பெரிய சொத்து, பதிப்புரிமையைத் தவிர, வேறில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தச் சொத்து எப்படிச் சேர வேண்டும் என்பதற்குத் தமிழ்ப் பதிப்புலகிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது, அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். நூல் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று பெயரெழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்று நீங்கள் அறிவிக்கும் முன்வெளியீட்டுத் திட்டம் அதன் தொடர்ச்சி. நூல் வந்திருக்கிறது என்று ஐயர் எழுதும்போது, கையொப்பமிட்டவர்கள் அந்தக் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிப் பெயர் கொடுத்தவர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

கேட்காதவருக்கு மின்னஞ்சலில் விளம்பரம் அனுப்பும் வழக்கத்துக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. 1978 மே 3ஆம் தேதி, டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனம் குவிந்தது. ஆனாலும் அதனால் கணினிகள் விற்றன என்று அவர் பின்னாளில் சொன்னார். யாரிடமாவது விற்றுவிடாதா என்ற அந்த ஆசைதான் இன்றுவரை ஆளை இழுக்கிறது. அன்று தடுக்க யாரும் இல்லை. இன்று ஜிமெயிலும் யாகூவும் அவுட்லுக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்து, உங்களுடைய அடுத்த மடல் இன்பாக்ஸுக்கா ஸ்பேமுக்கா என்று தீர்மானிக்கின்றன.

கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிகளில் ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். உங்கள் மடலைப் பெறுபவர்களில் 'இது ஸ்பேம்' என்று அழுத்துபவர்கள் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தை ஒருபோதும் தொடக் கூடாது. ஆயிரம் பேருக்கு மூன்று பேர். சிறு பட்டியல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். 500 பேருக்கு அனுப்பி, அதில் இரண்டு பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே 0.4 சதவீதம் ஆகிவிடுகிறது. அந்த இரண்டு பேரால், உங்கள் நூலுக்காகக் காத்திருக்கும் மற்ற 498 பேருக்கும் அடுத்த மடல் போகாமல் போகலாம்.

அந்த இரண்டு பேர் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் கடன் வாங்கிய பட்டியலிலிருந்து. கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள், நூலகர்கள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க நிர்வாகிகள் என்ற பெயரில் எக்ஸெல் கோப்புகள் நம் வட்டாரத்தில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். அதில் இருப்பவர் எவரும் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பல முகவரிகள் செத்துப்போனவை. சில, ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிப்பதற்காகவே உயிரோடு வைக்கப்பட்டிருக்கும் பொறிகள். அப்படி ஒன்றுக்கு அனுப்பிவிட்டால், பட்டியலை எங்கோ எடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

இன்னொரு வழி, புத்தகக் காட்சி நோட்டு. சென்னை நந்தனம் மைதானத்தில் மாலை ஆறு மணிக் கூட்டத்தில், பில் போடும் மேசையின் ஓரத்தில் ஒரு நீள நோட்டு. கயிற்றில் கட்டிய பேனா. பின்னால் நிற்பவர் தோளில் இடிக்க, ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு வாசகர் முகவரியை எழுதுகிறார். ஆங்கில எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் ஒரே கோடாக விழுகின்றன. புள்ளி இருக்கிறதா, பேனா பட்ட கறையா என்று தெரிவதில்லை. மார்ச்சில் யாரோ ஒரு பயிற்சி மாணவர் அதைத் தட்டச்சு செய்கிறார். ஓர் எழுத்து மாறினால் மடல் திரும்பி வரும்; அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும், அவர் ஸ்பேம் என்று அழுத்துவார். நோட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் அட்டையை வையுங்கள். வாசகர் தன் செல்பேசியிலேயே முகவரியைத் தட்டுவார். உடனே ஒரு மடல் போய், 'நீங்கள்தான் கேட்டீர்களா, ஆம் என்றால் இதை அழுத்துங்கள்' என்று கேட்கட்டும். அழுத்தியவரை மட்டும் சேருங்கள். பட்டியல் மெதுவாகத்தான் வளரும். ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொருவரும் மெய்யான ஆள்.

ஒருவர் ஒருமுறை வாங்கினார் என்பதற்காக ஆயுள் முழுக்க அனுப்பலாம் என்றும் இல்லை. கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்புபவர் எந்த நாட்டில் இருந்தாலும், கனடாவில் இருப்பவருக்குப் போகும் வணிக மடலை அது கட்டுப்படுத்துகிறது. உங்களிடம் நூல் வாங்கியவருக்கு, வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை எழுதலாம். அதற்குமேல் எழுத வேண்டுமானால் அவருடைய வெளிப்படையான இசைவு வேண்டும். மடலில் உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, விலகும் வழி மூன்றும் இருக்க வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி கனடிய டாலர் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. கனடாவிலிருந்து ஒருவர் வந்து உங்கள் அலுவலகக் கதவைத் தட்டப்போகிறார் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. டொராண்டோ வாசகர் இந்த ஒழுங்குக்குப் பழகியவர். அதற்குக் குறைவாக நடத்தினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றே சொல்கிறது.

இனி, எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்ற கேள்வி. பதிப்பகத்தின் பெயரோடு ஜிமெயில் முகவரி ஒன்றைத் தொடங்கி, இரகசியப் பிரதிப் பெட்டியில் எல்லா முகவரிகளையும் ஒட்டி அனுப்புவது நம்மிடையே பரவலாக இருக்கும் வழக்கம். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குமேல் அனுப்ப முடியாது. அதற்குள்ளேயே சந்தேகமும் வந்துவிடும். அதே ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து வேறொரு மொத்த மடல் சேவை வழியாக அனுப்பினால் இன்னும் மோசம். யாரோ ஜிமெயிலின் பெயரைப் போட்டுக்கொண்டு பேசுவதாகவே பெறும் பக்கத்துக்குத் தோன்றும். உங்களுக்கென்று ஒரு டொமைன் வாங்குங்கள். ஒரு நூலின் மெய்ப்புச் செலவுகூட ஆகாது.

டொமைன் வாங்கியபின் அதன் அமைப்புகளில் மூன்று பதிவுகளைச் சேர்க்கச் சொல்லி, உங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் கேளுங்கள். எஸ்பிஎஃப் என்பது, எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது, ஒவ்வொரு மடலிலும் விழும் அரக்கு முத்திரை. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அது சான்று. டிமார்க் என்பது, இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த மடலை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் பெறுபவருக்குச் சொல்லிவைக்கும் குறிப்பு. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புபவர்களும் முதல் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக்கில் இதே வழிக்கு வந்துவிட்டது. மொத்தமாக ஒரு மணி நேர வேலை. ஒருமுறை செய்தால் போதும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் போஸ்டரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. என் வேதனையெல்லாம் அங்கேதான்.

உங்கள் மடல்களில் பாதிக்குமேல் ஒரே படம்தான். அட்டைப்படம், ஆசிரியர் பெயர், விலை, தொலைபேசி எண், பின்னட்டை வாசகம் எல்லாம் ஒரே ஜேபெக்கில். படத்துக்கு மேலேயோ கீழேயோ ஓர் எழுத்துகூட இல்லை. ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். நூலை வடிவமைத்தது பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ. எழுத்துரு பாமினியோ செந்தமிழோ வானவில்லோ. அதிலிருந்து எழுத்தை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குறிகளாக விழும். யூனிகோட் மாற்றியில் போட்டால், துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரமும், ஒற்றைக்கொம்பு இடம் மாறியும் வரும். அதை உட்கார்ந்து திருத்த வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுப் படமாகவே அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் படம் வாசகரிடம் போனதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவுட்லுக் போன்ற இடங்களில், தெரியாதவரிடமிருந்து வரும் படம் தானாகத் திறக்காது. வெள்ளைக் கட்டம் ஒன்றுதான் தெரியும். எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள மடலை வடிகட்டிகள் நெடுங்காலமாகவே சந்தேகத்தோடு பார்த்துவருகின்றன. வடிகட்டியிடமிருந்து எழுத்தை மறைக்க ஸ்பேம் அனுப்புபவர்கள் கையாண்ட வழியும் அதுதான். மூன்று மாதம் கழித்து வாசகருக்கு உங்கள் ஆசிரியரின் பெயர் நினைவுக்கு வந்து தேடினால் அந்த மடல் கிடைக்காது, ஏனென்றால் அதில் அந்தப் பெயர் எழுத்தாக இல்லை. செல்பேசியில் போஸ்டரின் சின்ன எழுத்தைப் படிக்கப் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையற்ற வாசகர்கள் இருக்கிறார்கள். திரைவாசிப்பான் வழியாகத் தமிழ் படிப்பவர்கள், யூனிகோட் வந்தபின் நம் இலக்கியத்தை ஆசையாகத் தேடுபவர்கள். உங்கள் போஸ்டர் அவர்கள் காதில் 'படம்' என்ற ஒரு சொல்லாக மட்டும் விழுகிறது. ஒரு பதிப்பகம் தன் வாசகருக்கு இதைச் செய்யலாமா?

அட்டைப்படத்தைப் போடுங்கள், அழகாகவே போடுங்கள். அதற்குரிய மாற்றுவரியில் (படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் வரி) நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் எழுதுங்கள். மற்ற அனைத்தும் யூனிகோட் எழுத்தாக இருக்கட்டும். ஒரு நூலுக்கு அரைநாள் உட்கார்ந்து அறிமுகத்தையும் முதல் சில பக்கங்களையும் யூனிகோடில் சுத்தமாகத் திருத்தி வைத்துக்கொண்டால், அதையே மடலுக்கும் இணையதளத்துக்கும் நூலகங்களுக்கு அனுப்பும் குறிப்புக்கும் பயன்படுத்தலாம்.

எழுத்தாக அனுப்பும்போது தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஜிமெயில் ஒரு மடலின் முதல் 102 கிலோபைட்டை மட்டும் காட்டி மீதியை வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு மட்டும் 15 பைட். இருந்தாலும் ஒரு டெமி அளவு நூலின் பக்கம் தோராயமாக ஐந்தாறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆறு பக்கங்களைத் தாராளமாக அனுப்பலாம். இடத்தைத் தின்பது வேறு. வேர்டிலிருந்து அப்படியே ஒட்டும்போது ஒவ்வொரு வரியோடும் கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகள்தான் மடலை வீங்கவைக்கின்றன. மடல் வெட்டுப்பட்டால் அதன் கடைசியில் இருக்கும் விலகும் இணைப்பும் சேர்ந்து மறைந்துவிடும். விலக நினைத்தவருக்கு வழி தெரியாது; ஸ்பேம் பொத்தான்தான் கண்ணில் படும். எனவே ஒட்டுவதற்குமுன் வெறும் எழுத்தாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது, மடலைத் திறப்பதற்குமுன் வாசகர் பார்க்கும் மூன்று வரிகள். செல்பேசியில் முதலில் அனுப்புநர் பெயர், அதன்கீழ் பொருள்வரி, அதன்கீழ் சாம்பல் நிறத்தில் மடலின் முதல் வாக்கியம். உங்களில் ஒருவர் அனுப்பிய மடலில் இந்த மூன்றும் இப்படி இருந்தன: அனுப்புநர் இடத்தில் ஆங்கிலத்தில் 'இன்ஃபோ'. பொருள்வரியில் 'மாபெரும் சிறப்புத் தள்ளுபடி' என்று மூன்று ஆச்சரியக்குறிகளோடு. சாம்பல் வரியில் 'இந்த மின்னஞ்சல் சரியாகத் தெரியவில்லை எனில் இங்கே சொடுக்கவும்'. மடலுக்குள்ளே இருந்ததோ நெசவாளர் வாழ்க்கையைப் பற்றிய அருமையான நாவல்.

அனுப்புநர் இடத்தில் உங்கள் பதிப்பகத்தின் பெயரைத் தமிழில் வையுங்கள், எப்போதும் அதே பெயரை. தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல் தெரியும் இடத்தில் நமக்கு மூன்று நான்கு சொல்தான் தெரியும். அதனால் பொருள்வரியின் முதல் மூன்று சொல்லிலேயே நூல் வந்துவிட வேண்டும். மேலே சொன்ன நாவலுக்கு 'தறி நின்ற தெரு: முதல் ஆறு பக்கங்கள்' என்று எழுதியிருக்கலாம். சாம்பல் வரியில் அந்த நாவலின் ஒரு வாக்கியத்தையே வைத்திருக்கலாம். தள்ளுபடியை உள்ளே சொல்லிக்கொள்ளலாம். புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் எல்லாக் கடையிலும் உண்டு. அது உங்களிடம் வருவதற்கு ஒரு காரணமே இல்லை. அந்த நாவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

உள்ளே என்ன எழுதுவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். நூலின் பக்கத்தைக் கொடுங்கள். 'தமிழ் இலக்கியத்தில் ஒரு மைல்கல்', 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்' என்றெல்லாம் எழுதும் இடத்தில், கதை பிடித்துக்கொள்ளும் ஓர் இடத்திலிருந்து நான்கைந்து பக்கம் வையுங்கள். அதற்குமுன் நீங்கள் இந்தக் கையெழுத்துப் பிரதியை ஏன் எடுத்தீர்கள் என்று உங்கள் குரலில் ஐந்தாறு வரி. வாசகர் பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு உங்களிடம் வருவது உங்கள் தேர்வை நம்பித்தான். பதிப்பாளர் ஒருவர், எந்த அத்தியாயத்தை நீக்கச் சொல்லி ஆசிரியரோடு மல்லுக்கட்டினேன், ஏன் கடைசியில் அதை அப்படியே விட்டேன் என்று எழுதினால், அதை எவரும் விளம்பரமாகப் படிக்க மாட்டார்கள். முடிவில் ஒரே ஒரு பொத்தான்: இந்த நூலை வாங்க. அதே மடலில் இன்னும் பதினான்கு நூல்களின் அட்டையை அடுக்காதீர்கள். முழு விலைப்பட்டியல் வேண்டுபவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை தனியாக அனுப்புங்கள். அதைச் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மடல் போகக் கூடாது. மிகக் குறைந்தபட்சம், உள்நாடு என்றும் வெளிநாடு என்றும் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஜனவரியில் 'எங்கள் அரங்கு எண் இது, அவசியம் வாருங்கள்' என்று பாரிஸில் இருப்பவருக்கும் போகிறது. வர முடியாத திருவிழாவுக்கு வருந்தி அழைப்பது அவரைச் சீண்டுவதுபோல் இருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. அஞ்சல் செலவையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, நான்கு நூல் சேர்த்து வாங்கினால் எவ்வளவு குறையும், எத்தனை வாரத்தில் வரும், கிண்டிலில் உண்டா. வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு பல நேரங்களில் நூலின் விலையைத் தாண்டிவிடுகிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் பணம் கட்டும்போது முதல்முறையாகக் காட்டினால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மடலிலேயே சொல்லிவிடுங்கள். விலை தெரிந்து வருபவர் வாங்கத்தான் வருகிறார்.

நேரமும் அப்படித்தான். இந்திய நேரம் மாலை ஆறு மணிக்கு அனுப்பினால் டொராண்டோவில் கோடையில் காலை எட்டரை, குளிரில் ஏழரை. ரயிலில் செல்பேசியைப் பார்க்கும் நேரம். அதே மடல் சிங்கப்பூரில் இரவு எட்டரைக்குப் போகும். சென்னையில் நீங்கள் வேலை முடித்துக் கிளம்பும்போது அனுப்பும் ஒரு மடல் இரண்டு ஊரிலும் நல்ல நேரத்தில் விழுகிறது.

அனுப்பியபின் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். மடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு படம் திறக்கப்படுவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு வருகிறது. 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதியை ஏற்றுக்கொண்டவர்களின் மடல்களில் ஆப்பிளே படங்களை முன்கூட்டி இறக்கிவைத்துவிடுகிறது. வாசகர் தொடாத மடலும் திறந்ததாகப் பதிவாகும். ஐபோன் அதிகமாகப் புழங்கும் கனடாவிலும் பிரிட்டனிலும் உங்கள் வாசகர் இருந்தால் அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதைப் பாருங்கள்.

பதில் என்று சொன்னேன். அதற்கு வழி இருக்க வேண்டும் அல்லவா? 'இந்த முகவரிக்குப் பதிலளிக்க வேண்டாம்' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிடுகிறது. வங்கி அப்படிச் சொல்லலாம், பதிப்பகம் சொல்லக் கூடாது. ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்லும் நூலின் ஆறு பக்கங்களை அனுப்பிய ஒரு பதிப்பகத்துக்கு, அந்த ஊரிலேயே பிறந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் எழுதினார். கோயில் குளத்தின் படித்துறை எந்தத் திசையில் இருந்தது, நூலில் சொல்லியிருக்கும் தெருவுக்கு முன்பிருந்த பெயர் என்ன என்று இரண்டு பக்கத்துக்கு. இரண்டாம் பதிப்பில் அவை திருத்தப்பட்டன. அவர் அதைப் பத்துப் பிரதி வாங்கி உறவினர்களுக்குக் கொடுத்தார். யாரோ ஒருவர் படித்துப் பதில் போடும் முகவரியிலிருந்து அனுப்பியதால் நடந்தது அது. பெறுபவர் பதில் எழுதுவதை மின்னஞ்சல் நிறுவனங்களும் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்கின்றன. அது கூடுதல் நன்மை.

விலக நினைப்பவரை உடனே விடுங்கள். ஏன் போகிறீர்கள் என்று ஐந்து கேள்வி கேட்காதீர்கள், கடவுச்சொல் கேட்காதீர்கள். ஒரே அழுத்தில் விலகும் வசதியும், இரண்டு நாளுக்குள் பெயரை நீக்குவதும் பெரிய அளவில் அனுப்புபவர்களுக்கு இப்போது கூகுளின் நிபந்தனை. சிறிய அளவிலும் அதையே செய்யுங்கள். விலகியவர் அடுத்த புத்தகக் காட்சியில் உங்கள் கடைக்கு வருவார். ஸ்பேம் என்று அழுத்த நேர்ந்தவர் வரமாட்டார்.

உங்களிடம் இப்போதே இருக்கும் பழைய பட்டியலை என்ன செய்வது என்பது மிச்சம். கடந்த ஓராண்டில் வாங்கியவர்கள், பதில் எழுதியவர்களைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு மடல் போதும், இந்த மாதிரி:

"வணக்கம். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் அரங்கில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தீர்கள். மாதத்துக்கு ஒருமுறை, புதிய நூல் ஒன்றிலிருந்து சில பக்கங்களை அனுப்பப்போகிறோம். தொடர்ந்து வேண்டுமென்றால் கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் உங்கள் முகவரியை நீக்கிவிடுகிறோம். இதுவரை எங்கள் நூல்களை வாங்கியதற்கு நன்றி."

கனடா வாசகர்களில், முன்பு வெளிப்படையாக இசைவு தராதவராகவும், இரண்டு ஆண்டுகளாக எதுவும் வாங்காதவராகவும் இருப்பவருக்கு இதையும் அனுப்பாதீர்கள். இசைவு கேட்கும் மடலையே அந்தச் சட்டம் வணிக மடலாகக் கொள்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் அழுத்த மாட்டார்கள். நாலாயிரம் பேர் கொண்ட பட்டியல் நானூறாகச் சுருங்கலாம். அதைப் பார்த்துக் கலங்கி, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துவிடாதீர்கள். 300 பிரதி அச்சிடும் நூலுக்கு, பக்கத்தைப் படித்துவிட்டு முன்வெளியீட்டு விலையில் வாங்க நினைக்கும் நானூறு பேர் இருந்தால் அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்க யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்காது.

இதையெல்லாம் டிசம்பர் கடைசியில், அச்சகத்துக்கும் பைண்டிங்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போது தொடங்க முடியாது. புதிய டொமைனிலிருந்து முதல் மடலே ஆயிரக்கணக்கில் போனால் ஜிமெயில் அதை நம்பாது. உங்களிடம் அண்மையில் வாங்கியவர்களில் ஐம்பது பேருக்கு முதல் மடல், அடுத்த வாரம் நூறு, அதற்கடுத்து இருநூறு என்று படிப்படியாகப் போக வேண்டும். ஆகஸ்டில் தொடங்கினால், ஜனவரியில் நூல் வரும்போது எல்லோருக்கும் அனுப்ப முடியும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்